லேசான ரியர் ஷாக் வாங்குவதற்கு முன்

கேள்வி இதுதான்: 120 மிமீ டிராவல் (சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம்) உள்ள, முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக், பின்பக்க அதிர்வைத் தாங்க அதில் இருப்பது பக்கவாட்டில் தனி டப்பா வைத்த பிக்கிபேக் வகை ஏர் ஷாக், அளவு 190×45. ஓட்டுபவர் எடை 74 கிலோ. மேடு ஏறும்போது பைக் கனமாகத் தெரிகிறது, எடை குறைவாக ஒரு ஷாக் போட ஆசை, எதை வாங்கலாம்?

நேராகச் சொல்கிறேன். உங்கள் பைக்குக்கு டப்பா இல்லாத, நீளவாக்கில் ஒரே குழாயாக இருக்கும் இன்லைன் ஏர் ஷாக் சரிப்படும். அதில் திறந்த நிலை, நடு நிலை, பூட்டிய நிலை என்று மூன்று நிலை லீவர் இருக்கட்டும். ஆனால் அது எடைக்காக இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் ஒரு கணக்கு. உங்கள் எடை 74, பைக் 13, தண்ணீர், ஹெல்மெட், ஷூ, பை எல்லாம் 3 என்று வைத்தால் மொத்தம் 90 கிலோ. டப்பா வைத்த ஷாக்கைக் கழற்றிவிட்டு இருப்பதிலேயே லேசானதைப் போட்டால் 200 கிராம் மிச்சமாகும், அதுவும் தாராளமாகச் சொன்னால். 90 கிலோவில் 200 கிராம் என்பது 0.22 சதவீதம். செங்குத்தான ஏற்றத்தில் நேரம் கிட்டத்தட்ட மொத்த எடையைப் பொறுத்தே போகும், அதனால் ஒரு மணி நேரம் ஏறினால் உங்களுக்கு மிச்சம் 8 வினாடி. மேலே போய் மூச்சு வாங்க நிற்கும் நேரத்தில் அது காணாமல் போய்விடும். தவிர, ஷாக் சக்கரத்தோடு சுற்றும் பொருளும் இல்லை, ஃப்ரேமில் நடுவில் உட்கார்ந்திருக்கும் பொருள். இதே 200 கிராமை டயரிலும் ட்யூபிலும் குறைத்தால் முடுக்கும்போது பலன் கொஞ்சம் கூடுதல். 29 அங்குல ட்யூப் ஒன்று 200 கிராமுக்குக் குறையாது. அதை எடுத்துவிட்டு ட்யூப்லெஸ் போட்டு ஓட்டையை அடைக்கும் திரவமான சீலண்ட் 100 மில்லி ஊற்றினால் சக்கரத்துக்கு 100 கிராம் போல் போய்விடும், செலவும் ஷாக் விலையில் ஒரு துளிதான். இன்னும் ட்யூப் போட்டு ஓட்டுகிறீர்கள் என்றால் அதை முதலில் பாருங்கள்.

அப்படியானால் மேட்டில் பைக் கனப்பது எதனால்? பெரும்பாலும் எடையால் இல்லை, ஷாக் மிதிக்கு மிதி அமுங்கி எழுவதால். நீங்கள் மிதிக்கும் சக்தியில் ஒரு பங்கு ஷாக்கை அமுக்குவதற்கே போகிறது, அதோடு பின்பக்கம் உட்கார்ந்துவிடுவதால் இருக்கைக் கோணம் சரிந்து, ஏற்றத்தில் நீங்கள் பின்னால் தொங்குகிற மாதிரி ஆகிவிடுகிறது. காற்று குறைவாக வைத்திருந்தால் இது இன்னும் மோசம். இப்போது இருக்கிற ஷாக்கிலேயே சரியான அழுத்தம் வைத்து, ஏறும்போது லீவரை நடு நிலைக்குத் தள்ளிப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும், காசு மிச்சம். கிராஸ்கன்ட்ரி பந்தயக்காரர்கள் ஒரு காலத்தில் பின்னால் ஷாக்கே இல்லாத ஹார்ட்டெயிலைத்தான் நம்பினார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஸ்விட்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டர் ஸ்காட் ஸ்பார்க் என்ற ஃபுல் சஸ்பென்ஷனில் தங்கம் வாங்கினார். அந்த பைக்கில் ஃபோர்க்கையும் ஷாக்கையும் கைப்பிடியிலிருந்து ஒரே லீவரில் இறுக்கலாம். அந்த லீவர்தான் விஷயம், கிராம் அப்புறம்தான்.

சரி, இத்தனைக்கும் பிறகு வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், லேசான ஷாக்கில் எடை எங்கே குறைகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மாயம் எதுவும் இல்லை, எதையோ எடுத்துவிட்டுத்தான் லேசாக்குகிறார்கள். முதலில் போவது பக்கத்து டப்பா. ஷாக்குக்குள் எண்ணெய் இருக்கிறது. பிஸ்டன் அதன் வழியாகப் போய்வரும்போது சின்னச் சின்னத் துளைகளில் எண்ணெய் பிதுங்கும், அதுதான் குதிப்பை அடக்குகிறது. அடக்கிய சக்தி எங்கே போகும்? சூடாக மாறி எண்ணெயில் ஏறும். டப்பா இருந்தால் எண்ணெய் அதிகம், சூடு ஏற நேரமாகும். எண்ணெயையும் நைட்ரஜனையும் பிரித்துவைக்கும் மிதக்கும் பிஸ்டனுக்கும் அங்கே தாராளமாக இடம் இருக்கும். டப்பாவை எடுத்தால் எல்லாம் ஒரே குழாய்க்குள் ஒடுங்கிவிடும், எண்ணெய் குறையும், நீண்ட இறக்கத்தில் சீக்கிரம் சூடாகும். சூடான எண்ணெய் நீர்த்துப்போகும், ஷாக் சொன்ன பேச்சு கேட்காது.

இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பு என்னிடம் 140 மிமீ டிராவல் பைக் ஒன்று இருந்தது. எடைப் பைத்தியம் பிடித்த நாட்கள் அவை, போல்ட்டைக்கூட டைட்டானியத்தில் தேடுவேன். அதில் ஒரு பந்தய வகை இன்லைன் ஷாக்கைப் பொருத்திக்கொண்டு கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கல் பாதையில் இறங்கினேன். முதல் ஐந்து நிமிடம் சொர்க்கம். கால் மணி நேரம் கழித்துப் பின்சக்கரம் குதிரை மாதிரி எகிற ஆரம்பித்தது, ஒவ்வொரு கல்லிலும் இருக்கை வந்து முட்டுகிறது. நிறுத்தி ஷாக்கைத் தொட்டால் டீ டம்ளர் சூடு. பத்து நிமிடம் ஆறவிட்டால் சரியாகும், மறுபடி ஓட்டினால் மறுபடி அதே கதை. ஷாக்கின் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை, அதை அந்த வேலைக்கு வைத்தது என் தப்பு. அதனால் என் கணக்கு இது: 100 முதல் 120 மிமீ வரை, ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும் பாதை என்றால் லேசான இன்லைன் தாராளமாகப் போதும். 130 என்றால் யோசிக்க வேண்டும். 140க்கு மேல், நீளமான இறக்கம் என்றால் டப்பா இருக்கட்டும், எடையை வேறு எங்காவது குறையுங்கள்.

இரண்டாவதாகப் போவது திருகுகள். கனமான ஷாக்கில் மெதுவான அமுக்கத்துக்கு ஒன்று, வேகமான அமுக்கத்துக்கு ஒன்று, ரீபவுண்டுக்கு, அதாவது அமுங்கிய ஷாக் திரும்பி எழும் வேகத்துக்கு, ஒன்று என்று இருக்கும். லேசானதில் ரீபவுண்டும் லீவரும் மட்டும் மிஞ்சும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நாலு திருகு இருந்தால் நாலையும் தப்பாக வைப்பவர்கள்தான் அதிகம்.

மூன்றாவது காற்று அறை. லேசான ஷாக்கில் அது ஒல்லியாக இருக்கும், அதனால் அதே ஆளைத் தாங்க அதிக அழுத்தம் வேண்டும். இங்கேதான் லீவரேஜ் வருகிறது. உங்கள் பைக்கில் சக்கரம் 120 மிமீ நகர ஷாக் 45 மிமீ அமுங்குகிறது, வகுத்தால் சராசரியாக 2.67. உட்கார்ந்திருக்கும்போது பின்சக்கரத்தில் 50 கிலோ விழுகிறது என்றால் ஷாக்கின் மேல் விழுவது 133 கிலோ. 95 கிலோ ஆள் உட்கார்ந்தால் அதுவே 165ஐத் தாண்டும். ஒல்லி அறையில் அவருக்கு அழுத்தம் ஏற்றிக்கொண்டே போய் ஷாக்கில் அச்சிட்ட உச்ச வரம்பைத் தொட்டுவிடலாம், சீல்களுக்கும் அது நல்லதில்லை. உங்கள் 74 கிலோவுக்கு இந்தக் கவலை வேண்டாம். உங்கள் நண்பர் யாராவது கனமானவர் இதைப் படித்தால் அவருக்குச் சொல்லிவையுங்கள்.

இப்போது அளவு. காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 190×45 என்றால் இரண்டு போல்ட்டின் மையத்துக்கும் இடையே 190 மிமீ, ஸ்ட்ரோக், அதாவது ஷாக் அமுங்கும் தூரம், 45 மிமீ. 2016ல் ராக்ஷாக்ஸ் மெட்ரிக் அளவுகளைக் கொண்டுவந்தது, அதற்கு முன்னால் எல்லாம் அங்குலக் கணக்கு. பழைய அளவில் 7.5க்கு 2 அங்குலம் என்று ஒன்று உண்டு, மிமீயில் சொன்னால் 190×51. நீளம் அதே 190! பழைய பொருள் விற்கும் இடத்தில் ‘190 ஷாக், புதுசு மாதிரி’ என்று மலிவாகக் கிடைப்பது பல நேரம் இதுதான். போல்ட்டும் ஏறிவிடும், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். ஆனால் ஸ்ட்ரோக் 6 மிமீ கூடுதல், 2.67ஆல் பெருக்கினால் பின்சக்கரம் 15 மிமீக்கு மேல் அதிகமாக மேலே வரும். முழுக்க அமுங்கும் ஒரு குதியில் டயர் போய் சீட் ட்யூபில் உரசும், அல்லது ஷாக்கைப் பின்பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ஃப்ரேமில் முட்டும். கார்பன் ஃப்ரேம் என்றால் அதோடு கதை முடிந்தது.

ட்ரன்னியன் என்று ஒரு வகை இருக்கிறது. அதில் மேல்முனையில் கண் (போல்ட் நுழையும் வளையம்) இருக்காது, ஷாக்கின் இரண்டு பக்கத்திலும் நேராக போல்ட் ஏறும். அதே ஸ்ட்ரோக்குக்கு அது 25 மிமீ குட்டையாக வரும், அதாவது உங்கள் 190×45க்கு அதன் ஜோடி 165×45. ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றைப் போட முடியாது, ஃப்ரேம் எதற்குச் செய்யப்பட்டதோ அதுதான். விற்பவர் ‘அடாப்டர் போட்டுக்கலாம்’ என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

எந்த ஷாக்காக இருந்தாலும், பொருத்தியதும் ஒரு சோதனை செய்யாமல் ஓட்டாதீர்கள். காற்று முழுவதையும் இறக்குங்கள். இருக்கையில் கையை வைத்துப் பின்சக்கரம் மேலே வரும்வரை மெதுவாக அழுத்துங்கள், கடைசிவரை. டயருக்கும் சீட் ட்யூபுக்கும் நடுவே விரல் நுழைகிறதா? லீவர் எதிலாவது இடிக்கிறதா? பாட்டில் ஹோல்டர்? ஏர் வால்வின் மூடி ஃப்ரேமில் படுகிறதா? நான் ஒருமுறை மூடியைக் கவனிக்காமல் விட்டேன், ஃப்ரேமில் பிறை வடிவத்தில் ஒரு பள்ளம், இன்றும் இருக்கிறது.

அளவு பொருந்திவிட்டாலும் ட்யூன் என்று ஒன்று பாக்கி. ஒரே மாடல், ஒரே அளவு, ஆனால் உள்ளே வால்வு அடுக்கு வேறு வேறாக இருக்கும், பைக் கம்பெனி அதன் ஃப்ரேமின் லீவரேஜுக்கு ஏற்பக் கேட்டு வாங்கியிருக்கும். ராக்ஷாக்ஸில் ஒட்டியிருக்கும் சீட்டில் ட்யூன் எழுத்துகள் இருக்கும், ஃபாக்ஸில் நாலு எழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும், அதைக் கம்பெனியின் தளத்தில் போட்டால் எந்த பைக்குக்காகச் செய்தது என்று தெரிந்துவிடும். வேறு பைக்கிலிருந்து கழற்றிய ஷாக் வாங்கினால் முதலில் அதைக் கேளுங்கள். குறியீடு தேய்ந்துபோயிருக்கிறது என்பவரிடம் வாங்காதீர்கள். இன்னொரு விஷயம், சில ஃப்ரேம்களில் ஷாக்கின் ஒரு முனை லிங்க்கோடு நேராகச் சேராமல் நீண்ட கவை ஒன்றின் வழியாகச் சேரும். அந்தக் கவை ஷாக்கின் தண்டைப் பக்கவாட்டில் வளைக்கப் பார்க்கும், ஒல்லித் தண்டுக்கு அது ஆகாது. உங்கள் ஃப்ரேம் அப்படிப்பட்டது என்றால் ஃப்ரேம் கம்பெனி ஒப்புக்கொண்ட ஷாக்குகளைத் தாண்டிப் போக வேண்டாம்.

பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். 120 மிமீ வகைக்கு ராக்ஷாக்ஸில் சிட்லக்ஸ், ஃபாக்ஸில் ஃப்ளோட் எஸ்எல், டிடி ஸ்விஸ்ஸில் ஆர் 232 ஒன். மூன்றும் பந்தயத்தை மனதில் வைத்துச் செய்தவை, எடை 300 கிராமை ஒட்டியோ அதற்குக் கீழேயோ வரும். அதற்கு ஒரு படி கீழே ஆனால் மெத்தென்று இருப்பவை ராக்ஷாக்ஸ் டீலக்ஸும் ஃபாக்ஸ் ஃப்ளோட் டிபிஎஸும். சூப்பர் டீலக்ஸ், ஃப்ளோட் எக்ஸ் என்று பெயர் வந்தால் டப்பா வைத்தவை, இப்போது உங்களிடம் இருப்பது அந்த வகைதான். காயில் ஸ்பிரிங் பக்கம் திரும்பவே வேண்டாம், ஸ்பிரிங்கோடு சேர்த்து 800 கிராம், ஒரு கிலோ என்று போகும். நானாக இருந்தால் உங்கள் பைக்குக்கு டீலக்ஸ் அல்லது டிபிஎஸ்தான் எடுப்பேன். பந்தயத்துக்குப் போகிறீர்கள் என்றால் மட்டும் சிட்லக்ஸ். பந்தய ஷாக் சின்னக் கல்லை அப்படியே முதுகுக்கு அனுப்பும், மூன்று மணி நேரம் ஓட்டினால் இடுப்பு கேட்கும்.

கம்பெனி போடும் எடையை அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலும் அது சிறிய அளவுக்கும், போல்ட், புஷ் (கண்ணுக்குள் போல்ட்டைச் சுற்றி இருக்கும் உறை), ஸ்பேசர் இல்லாமலும் எடுத்தது. கைப்பிடியிலிருந்து இயக்கும் ரிமோட் வேண்டும் என்றால் லீவர், கேபிள், அவுட்டர் எல்லாம் சேர்ந்து மிச்சம் பிடித்த கிராமில் நல்ல பங்கைத் தின்றுவிடும். பந்தயத்தில் அது தேவை, ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்குக் கையைக் கீழே நீட்டி லீவரைத் தட்டினால் போதும்.

பழையது வாங்குவதாக இருந்தால்: தண்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் மாட்டும் கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள். கையால் இரண்டு மூன்று முறை அமுக்கி விடுங்கள், உள்ளே சளக் சளக் என்று சத்தம் வந்தால் எண்ணெயோடு காற்று கலந்துவிட்டது என்று பொருள், உள்ளே முழு சர்வீஸ் ஆகாமல் தீராது. அதற்கு நைட்ரஜன் நிரப்பும் வசதி வேண்டும், நம் ஊரில் எல்லா சைக்கிள் கடையிலும் அது கிடையாது; அனுப்பி வாங்கும் செலவைப் பார்த்தால் மலிவாக வாங்கியது மலிவாக இருக்காது. காற்று இறக்கிய பிறகும் ஷாக் அமுங்கியபடியே நின்று எழ மறுத்தால் அதைத் திறக்க முயலவே கூடாது, விற்பவரும் சரி, நீங்களும் சரி. நெகட்டிவ் அறையில் (முதன்மைக் காற்று அறைக்கு எதிராக அழுத்தும் சின்ன அறை) அழுத்தம் மாட்டியிருக்கும், திருகும்போது துண்டு பறந்து முகத்தில் அடிக்கும்.

பொருத்திய பிறகு சேக் வைப்பது. சேக் என்றால் நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் உங்கள் எடையிலேயே ஷாக் அமுங்கும் அளவு. 74 கிலோ என்றால் பவுண்டில் 163, அதனால் 160 பிஎஸ்ஐயில் ஆரம்பியுங்கள், இது ஆரம்பப் புள்ளி மட்டும்தான். ஷாக் பம்ப் வேண்டும், டயர் பம்ப் ஆகாது. ஒரே மூச்சில் ஏற்றாமல் 50 பிஎஸ்ஐக்கு ஒருமுறை நிறுத்தி ஷாக்கை மெதுவாக நாலைந்து முறை அமுக்குங்கள், அப்போதுதான் நெகட்டிவ் அறைக்கும் காற்று போய்ச் சமமாகும். அமுக்கியதும் மானி கொஞ்சம் இறங்கும், பயப்படாதீர்கள். பம்பைக் கழற்றும்போது புஸ்ஸென்று வருவது குழாயில் இருக்கும் காற்று, ஷாக்கின் காற்று இல்லை. அதே மாதிரி, அழுத்தம் சரிபார்க்கப் பம்பை மாட்டியதும் முன்னைவிடக் குறைவாகக் காட்டினால் ஷாக் கசிகிறது என்று நினைக்க வேண்டாம், குழாயை நிரப்பக் கொஞ்சம் காற்று போயிருக்கும்.

அப்புறம் லீவரைத் திறந்த நிலையில் வையுங்கள். ஷூ, ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் போட்டுக்கொண்டு, சுவரில் முழங்கையைச் சாய்த்து ஏறி உட்காருங்கள். தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்தைச் சீல் வரை தள்ளிவிட்டு, குதிக்காமல் மெல்ல இறங்கி அளந்து பாருங்கள். 45 மிமீயில் 25 சதவீதம் என்றால் 11 மிமீ சுமார். மேடு அதிகம் ஏறுபவர் 9 மிமீ வரை குறைக்கலாம், கல் பாதைக்கு 13 மிமீ. 2021ல் வந்த ஸ்காட் ஸ்பார்க் மாதிரி ஷாக்கை ஃப்ரேமுக்குள்ளேயே ஒளித்துவைத்த பைக்குகளில் வளையம் கண்ணுக்குத் தெரியாது, லிங்க்கில் இருக்கும் காட்டியைப் பார்த்து வைக்க வேண்டும். அந்த வகை பைக்கில் எந்த ஷாக்கும் உள்ளே போகும் என்றும் நினைக்கக் கூடாது.

சேக் சரியாக இருந்தும் ஒவ்வொரு குதியிலும் வளையம் தண்டின் கடைசிக்குப் போய்விடுகிறது என்றால் காற்றை ஏற்றாதீர்கள், காற்று அறைக்குள் இடத்தைக் குறைக்கும் துண்டான வால்யூம் ஸ்பேசர் ஒன்று கூடுதலாகப் போடுங்கள். எத்தனை சவாரி போனாலும் 8 மிமீ மிச்சம் நிற்கிறது என்றால் ஒன்றை எடுத்துவிடுங்கள். அறையைத் திறக்கும் முன் காற்றை இறக்கியாக வேண்டும், இதை மறந்து கை கிழித்துக்கொண்டவர்கள் உண்டு.

புது ஷாக் போடும்போது கண்ணில் இருக்கும் புஷ்ஷையும் புதிதாகவே போடுங்கள், விலை சொற்பம். பழைய புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, பின்னால் குனிந்து நின்று ஒரு கை விரலை ஷாக் கண்ணும் ஃப்ரேமும் சேரும் இடத்தில் வைத்து, இன்னொரு கையால் இருக்கையை அரை அங்குலம் தூக்கி விடுங்கள். விரலில் டக் என்று தட்டினால் தேய்ந்துவிட்டது. ‘புது ஷாக்கில் சத்தம் வருது’ என்று வருபவர்களில் பலருக்குச் சத்தம் இங்கேயிருந்துதான். காற்று அறையைத் திறந்து துடைத்து, சீல் மாற்றி, கிரீஸ் வைக்கும் வேலையை ராக்ஷாக்ஸ் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. மழையும் செம்மண்ணுமாக ஓட்டுபவர் அதைவிட முன்னாலேயே செய்யலாம், வீட்டிலேயே ஒரு மணி நேரத்தில் முடியும். ஒல்லி ஷாக்கில் எண்ணெயும் கிரீஸும் குறைவு என்பதால் இதைத் தள்ளிப்போட்டால் அது பொறுத்துக்கொள்ளாது.

கடைசியாக, இப்போது கழற்றப்போகும் டப்பா ஷாக்கை உடனே விற்றுவிடாதீர்கள். காற்றைப் பாதி இறக்கி, துணியில் சுற்றி, அதன் போல்ட்டுகளோடு ஒரே பையில் போட்டு வையுங்கள். நீளமான இறக்கம் உள்ள ஊருக்குப் போகும் முந்தின நாள் இரவு அதைத் திரும்ப மாட்ட இருபது நிமிடம்கூட ஆகாது.